டிரைவர் இல்லாத எண்பது

ஆகஸ்ட் 11, திங்கள்

வேர்க்கடலைக்கு மருந்தடிக்க இன்றும் ஆள் வரவில்லை. அதைவிடப் பெரிய வம்பு மத்தியானம் வந்தது. மகள் யாமினியின் கல்யாணத்துக்குக் காணிப்பாக்கத்தில் பிடித்திருக்கும் மண்டபத்தைக் காட்டச் சம்பந்தியைக் கூட்டிப்போனேன். அங்கே ஏசி கிடையாது. கூரை நடுவில் ஒரே ஒரு ராட்சச ஃபேன், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இருபத்திநாலு அடி. சம்பந்தி புருஷோத்தமன் சித்தூர்–திருப்பதி ரோட்டில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். எதையும் பார்த்த மாத்திரத்தில் வேகம் சொல்லிவிடுவாராம். அண்ணாந்து பார்த்தார்.

"இது பத்து கிலோமீட்டர் வேகம் கூட போவல சம்பந்தி. றெக்கைய ஒண்ணு ரெண்டுன்னு எண்ணலாம். எங்க வூட்டு ஃபேன்ல றெக்கையே கண்ணுக்குத் தெரியாது."

மேனேஜர் ஹரிபாபு, "காத்து வருதா இல்லையா, அது சூடண்டி, அதப் பாருங்க" என்று தமிழிலும் தெலுங்கிலும் கெஞ்சினார். காற்று வரத்தான் செய்தது, என் துண்டே பறந்தது. ஆனால் சம்பந்திக்கு வேண்டியது காற்றில்லை, மரியாதை.

"சோம்பேறி ஃபேனுக்கு அடியில உக்கார வெச்சான்னு எங்க ஜனம் பேசணுமா? வூட்டு ஃபேன் மாதிரி சுத்தணும். இல்லன்னா தாலி இல்ல."

ஆகஸ்ட் 12

பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று. வேறு மண்டபமும் காலி இல்லை. வேகத்தைக் கூட்டு என்று ஹரிபாபுவிடம் போனில் கத்தினேன். கூட்டினால் கூரை போய்விடும் என்கிறார். போகட்டுமே, என் மானத்தைவிடக் கூரை பெரிதா?

ஆகஸ்ட் 15

லீவுக்கு யாமினி வந்திருக்கிறாள். திருப்பதியில் மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கிறவளாயிற்றே, வழி சொல்லு என்றேன். பாடம் சொன்னாள்.

"சுத்து வேற, வேகம் வேற நைனா. அந்த றெக்கை பெருசு. ஒரு சுத்துக்கு அதோட நுனி எழுபத்தஞ்சு அடி ஓடுது. நிமிஷத்துக்கு அறுபது சுத்து சுத்தினாலே மணிக்கு எண்பது கிலோமீட்டர். நம்ம வூட்டு ஃபேன் சின்ன வட்டம். முன்னூத்தி அம்பது சுத்து சுத்தினாத்தான் அதே எண்பது வரும். பெருசையும் முன்னூத்தி அம்பது சுத்த வுட்டா நுனி நானூத்தி எண்பதுல போவும்."

"போவட்டும். சம்பந்தி கேக்கறாரே" என்றேன். எழுந்து போனாள். சமையலறையில் அழுதாளாம். நாலு வருஷமாக அவளுக்கு மாப்பிள்ளை வேணுவைப் பிடிக்கும் என்று சுந்தரி இப்போதுதான் சொல்கிறாள். கட்டின பெண்டாட்டி எனக்குச் சொல்லவேண்டிய நேரமா இது?

ஆகஸ்ட் 28

திருவிழா பார்க்க இரண்டு குடும்பமும் காணிப்பாக்கம் போனோம். யாமினியும் மாப்பிள்ளை வேணுவும் பேசிவைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சம்பந்தியையும் என்னையும் குடைராட்டினத்துக் குதிரையில் ஏற்றினார்கள். வெளிவரிசைக் குதிரைதான் பெரியது, மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அதுதான் மரியாதை என்றாள் யாமினி. நான் உள்வரிசையில் உட்கார்ந்தேன்.

ராட்டினம் நின்றதும் இறங்கிப் போய் நான் பொரி வாங்கினேன். சம்பந்தி குதிரையின் கழுத்தை விடவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணாத்தான் கிளம்பினோம், ஒண்ணாத்தான் வந்து சேந்தோம். ஆனா நீங்க உள்ள சின்ன ரவுண்டு. நான் ரெண்டு பங்கு தூரம் ஓடிக்கினு வந்திருக்கேன். அதே நேரத்துல தூரம் ஜாஸ்தின்னா வேகம் ஜாஸ்தி" என்றார். பஸ் ஓட்டினவர் இல்லையா, தானாகவே பிடித்துக்கொண்டார்.

"அதான் மாமா. ஃபேன் நுனி எண்பதுல போவுது" என்றாள் யாமினி.

"எண்பதா? நானே அறுபதத் தாண்டினதில்லயே."

வம்பு தீர்ந்தது. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 29

தீரவில்லை. விடிந்ததும் சம்பந்தியின் போன். "டிரைவர் இல்லாத ஒண்ணு எண்பதுல எங்க ஜனத்துத் தல மேல ஓடறதா? நிறுத்துங்க. இல்லன்னா தாலி இல்ல."

ஃபேன் இல்லாமல் அறுநூறு பேரா?

செப்டம்பர் 2

ஒருவழியாகச் சமாதானம். நுனியில்தான் வேகம், நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று யாமினி சம்பந்தியிடம் சொன்னாளாம். அவர் ஜனம் ஃபேனுக்கு நேர்நடுவில் மட்டும் உட்காரும். அவர் வாட்சைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணுவார். அறுபதைத் தாண்டினால் கை தூக்குவார், ஹரிபாபு ஸ்விட்சை அணைக்க வேண்டும், கல்யாணமும் அதோடு நிற்கும். சரி என்றேன். ராட்டினத்தையே மண்டபத்துக்குள் கொண்டுவா என்றாலும் சரி என்றிருப்பேன்.

செப்டம்பர் 5

கல்யாணம் நேற்று முடிந்தது.

நேர்நடுவில் காற்றே இல்லை. பட்டும் நகையுமாக அவர் ஜனம் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு இட்லி மாதிரி வெந்தது. எங்கள் ஜனம் சுற்றிலும் காற்று வாங்கிக்கொண்டு, அவர்களை ஏன் அப்படி ஒதுக்கிவைத்திருக்கிறது என்று என்னைக் கேட்டது. சம்பந்தி மேடைக்குக் கீழே அண்ணாந்தபடி உதடு முணுமுணுக்க நின்றார்.

தாரைவார்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அவர் கை மெல்ல மேலே வருகிறது. அறுபத்தொன்றா? நானும் அண்ணாந்து எண்ண ஆரம்பித்தேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது – கெட்டிமேளம். திரும்பினேன். மூன்று முடிச்சும் விழுந்திருந்தது.

அவர் வேர்வை துடைக்கத்தான் கை தூக்கினாராம்.

பாக்கல. இருக்கறது ஒரே பொண்ணு. அது கழுத்துல தாலி ஏர்றத நான் பாக்கல. ஃபேனப் பாத்துக்கினு இருந்தேன். என்ன ஜன்மம் நான்?

செப்டம்பர் 28

ஆல்பம் வந்தது. தாலி கட்டும் படத்தில் மண்டபமே மணமக்களைப் பார்க்கிறது. மேடைமேல் ஒருத்தர், கீழே ஒருத்தர், இரண்டு அப்பன்கள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கூரையைப் பார்க்கிறோம்.

பக்கத்து வீட்டு தாட்சாயணி என்ன இது என்று கேட்டாள். சுந்தரி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பொண்ணு போறாளேன்னு கண்ல தண்ணி. கீழ வுழக்கூடாதுன்னு மேலயே பாத்துக்கினு நின்னார். சம்பந்திக்கும் அப்படித்தான், எளகின மனசு." தாட்சாயணி அதைக் கேட்டு மூக்கைச் சிந்தினாள்.

அன்றைக்கு என் கண்ணில் ஒரு சொட்டு கிடையாது. அவர்கள் இரண்டு பேரும் எழுந்துபோன பிறகு ஆல்பத்தை மடியில் வைத்து, அன்றைக்கு நான் பார்க்காமல் விட்ட அந்தத் தாலி கட்டும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்துதானே பார்க்கவேண்டியிருக்கிறது. எல்லாம் படத்தின் மேலேயே விழுந்துவிட்டது.