ஒரே கதிரில் தூரமும் ஸலாமும்

ஈயம் உருகிய புகை மூக்கில் ஏறியதும் உன்னைத் திட்ட வேண்டும்போல் இருக்கிறது, மச்சான். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. நீயோ நம் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு, காய்ச்சலில் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டாய். அந்தக் காய்ச்சலிடம் ஒரு தவணை கேட்டிருக்கக் கூடாதா?

மருதமுனையில் உங்கள் தறிக் கொட்டிலில்தான் எல்லாம் தொடங்கியது. வானத்தில் சுற்றும் செய்மதிக்கு லேசர் அடித்து, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கிறார்கள். செய்தி அனுப்ப வேறொரு லேசர் என்று படித்ததும் நீ துள்ளினாய். "என்னத்துக்குடா ரெண்டு? தூரம் கேக்கிற வெளிச்சமே ஸலாமும் சொல்லட்டும்."

மேசன் வேலை செய்யும் உன் மாமாவின் லேசர் அளவுக் கருவியில் மைக்கைப் பொருத்தினாய். வளவுக்கு அந்தப் பக்கம், குசினிச் சுவரில், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப என் வாப்பாவின் சைக்கிளில் கழற்றிய சிவப்பு ரிஃப்ளெக்டர். அதன் பக்கத்தில், குரலைப் பிடிக்க ஒரு சின்னச் சூரியத் தகடும் ஸ்பீக்கரும். அதுதான் நம் செய்மதி. வாப்பா இன்னும் கள்ளனைத் தேடுகிறார்.

ஆனால் கொட்டிலில் உன் வாப்பா தறி அடிக்க அடிக்க, கருவி வைத்த மேசை அதிர்ந்தது. கதிர் ரிஃப்ளெக்டரில் பட்டால் தகட்டில் படாது. அளந்தால் கதைக்காது, கதைத்தால் அளக்காது. "வெளிச்சத்தைக் கொஞ்சம் பரத்துவம்" என்றேன். "பரத்தினா பலம் போயிரும். ஒனக்கு லேசரும் டோர்ச்சும் ஒண்டுதான்" என்று நக்கலடித்தாய்.

இன்று விஞ்ஞான சேர் கொட்டிலுக்கு வந்து பார்த்துவிட்டு, "சரிவராது மகன், ரெண்டு மேசையாப் பிரிச்சு வைங்க" என்றார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பிரித்தால் அதில் நீ எங்கே இருக்கிறாய்? அவர் போனதும் முன்வில்லையைத் தளர்த்தினேன். சிவப்புப் பொட்டு ரொட்டி அளவுக்கு விரிந்து, ரிஃப்ளெக்டரையும் தகட்டையும் சேர்த்து மூடியது. தறி ஓடிக்கொண்டே இருந்தது. மைக்கில், "உம்மா, தேத்தண்ணி இரிக்கா?" என்றேன்.

கருவியின் திரையில் தூரம் விழுந்தது. குசினிக்குள்ளிருந்து உன் உம்மா கத்தினார்: "ஓம் மகன், கேக்குது! சளி புடிச்ச மாதிரிக் கேக்குது!" நீ போன பிறகு அவர் இவ்வளவு சத்தமாகக் கதைத்து நான் கேட்கவில்லை.

பலம் குறைந்தது உண்மைதான். ஆனால் இரண்டும் வந்தன, வென்றவன் நான். இந்த வெற்றியை இனி யாருடைய மூஞ்சியில் பூசுவது? நாளை கேட்க வருகிறவர்களுக்கு முன்னால் இரண்டு பக்கச் சண்டையையும் நானே பிடிக்க வேண்டும். பரத்தச் சொல்வதும் நான், பலம் போகும் என்று நக்கலடிப்பதும் நான். உன் நக்கல் என் வாயில் அவ்வளவு நன்றாக வரவில்லை, மச்சான்.