முப்பதும் அறுபதும்

மார்ச் 4
அவர் இடுப்பெலும்பின் மேல் ஒரு சிவப்பு. நேற்று இல்லை. சாரத்திலிருந்து விழுந்த பிறகு இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி கிடையாது. நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். போலீஸ்காரி மாதிரி சோதனை போடுகிறேனாம். கிண்டல்தான். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5
நர்ஸ் வந்தார். முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைக்கவே கூடாதாம், மொத்த பாரமும் அந்த எலும்பில் இறங்குமாம். முதுகுக்கு அண்டக் கொடுத்து, வலம் இடமாக மாற்றி மாற்றி, முப்பது டிகிரி சாய்த்தால் போதும். புண் உள்ளே இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று வாசலில் வைத்துச் சொன்னார். தலையாட்டிவிட்டேன். முப்பது டிகிரி என்றால் எவ்வளவு?

மார்ச் 6
மகளைக் கேட்டேன். “படுக்கை ஒரு கோடு, அப்பா முதுகு ஒரு கோடு. ரெண்டும் எங்க சந்திக்குதோ அங்கதாம்மா கோணம்.” தலையணை பெரிசானால் கோணமும் பெரிசாகும் என்று நினைத்திருந்தேன். கோட்டை எவ்வளவு நீட்டினாலும் கோணம் மாறாதாம். கத்தரிக்கோலை விரித்துக் காட்டினாள்: பிடிப்பக்கம் எவ்வளவு திறக்கிறதோ, முனைப்பக்கமும் அவ்வளவே. குஷன் கடையில் இத்தனை வருஷம் கத்தரி பிடிக்கிறேன், ஒரு நாளாவது பார்த்தேனா? மண்டு.

மார்ச் 7
கடையில் மிஞ்சிய கெட்டி ஃபோமை மகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டம் போலவே பெரிதாக அறுத்து உறை தைத்தேன். ஒரு முனை தொண்ணூறு, ஒன்று அறுபது, ஒன்று முப்பது. தொண்ணூறை ஒட்டிய இரண்டு பக்கங்களில் நீளமானது மெத்தைமேல் இருக்க வேண்டும். அப்போதுதான் சாய்வு முப்பது.

நாளை முதல் நான் வேலைக்கு. பகலில் அவருடைய அக்கா, என் அண்ணி, பார்த்துக்கொள்வார். அண்ணிக்கு ஒருமுறை வைத்துக் காட்டினேன். இதுகூடவா தெரியாது என்றார்.

மார்ச் 19
சிவப்பு கறுத்து, தோல் விட்டுவிட்டது. எல்லாம் சரியாகத்தானே செய்கிறோம்?

மார்ச் 24
கரண்ட் இல்லை, மத்தியானமே கடையை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் — ஃபோம் குட்டைப் பக்கத்தில் நிற்கிறது. அதே ஃபோம், திருப்பி வைத்தால் அறுபது. எலும்பின் மேலேயே கிடக்கிறார் மனுஷன். சாயங்காலம் நான் வருவதற்குள் அண்ணி ஃபோமை எடுத்து வைத்துவிடுவார். இத்தனை நாளும் இப்படித்தானா?

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். படுத்தபடியே அவர் கண்ணாலேயே தடுத்தார். அண்ணி தட்டைக் கழுவப் போனதும் சொன்னார்: “அக்காகிட்ட சொல்லிடாதே. தாங்க மாட்டா.”

அப்போ நான்? நான் மட்டும் தாங்கிடுவேனா?

கடையில் வேலை குறைந்துவிட்டது, இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணியிடம் புளுகினேன்.

ஏப்ரல் 2
குளிர் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. புண் எலும்பைத் தொட்டுவிட்டதாம்.

ஏப்ரல் 5
இங்கேயும் முப்பதுதான் வைக்கிறேன். முப்பதுதான்.

ஏப்ரல் 21
வாடகைக் கட்டிலைக் காலையில் எடுத்துப் போனார்கள். அது கிடந்த இடத்தில் தரை வெளுத்திருக்கிறது.

அண்ணி வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மூலையில் கிடந்த ஃபோமை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தரையில் வைத்தார், குட்டைப் பக்கம் கீழே. கை அப்படியே பழகிவிட்டது.

“இப்படித்தானே வச்சேன்? சரியாத்தானே வச்சேன்?”

மகள் நிமிர்ந்தாள். அவள் கையை இறுக்கிப் பிடித்தேன்.

“சரியாத்தான் வச்சீங்க அண்ணி.”