இசக்கியின் நோட்டில் தொண்ணூற்றொன்பது

10-1-65, ஞாயிறு

இன்று சொல்லாதது: "இசக்கி, உன் நோட்டுதான் சரி." நாலே வார்த்தை.

காலையில் குளிர். ஒன்பது மணிக்கே வெயில். மாதுங்கா மைதானத்தில் அண்ணாவின் கம்பெனி மாட்ச். வழக்கமாக ஸ்கோர் எழுதும் கிளார்க்குக்குக் காமாலை, நவம்பரிலிருந்து நான்தான் எழுதுகிறேன். வாரத்தில் ஆறு நாள் காலேஜ் லைப்ரரியில் புத்தகக் கார்டு எழுதுவது, ஏழாம் நாள் இது. ரேடியோ கமெண்டரி கேட்டுக்கொண்டே ஸ்கோர் எழுதுவது என் கிறுக்கு. அதை அண்ணா வெளியில் போய்ச் சொல்லப்போக வந்த வினை.

கூடாரத்தில் நான் ஒருத்திதான் பெண். இசக்கியைச் சேர்த்தால் இரண்டு. பன்னிரண்டு வயது, மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்ளும் மாலியின் மகள். தாராவியிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வருவாள், வந்தால் ஆட்டம் முடியாமல் திரும்பமாட்டாள். போர்டில் தகர நம்பர்களை மாட்டுவது அவள்தான். மாட்டிவிட்டு வந்து தன் கணக்கு நோட்டில் தானும் ஸ்கோர் எழுதுவாள். அண்ணா என்றால் உயிர்.

மதியத்திலிருந்தே சொன்னாள். "ஒண்ணு கூடுதேக்கா. அண்ணாச்சிக்கு என் நோட்டுல நாப்பத்தாறுதான் வருது."

"சொன்னதை மாட்டு."

நாலு மணிக்கு "நூறு!" என்று கத்தினேன். தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு மாட்டினாள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அண்ணா மட்டையைத் தூக்கிக் காட்டினான். அடுத்த பந்தைத் தூக்கி அடித்தான், கேட்ச், அவுட். சிரித்துக்கொண்டே வந்தான்.

முடிந்ததும் பிள்ளைகள் கூட்டம். சிகரெட் அட்டை, ஸ்கூல் டைரி, ஒருத்தன் முழங்கையில். எல்லாவற்றிலும் கையெழுத்து. அண்ணா யாரையும் விரட்டமாட்டான். கடைசியில் இசக்கி நோட்டை நீட்டினாள்.

"அண்ணாச்சி, எனக்கு தொண்ணூத்தொம்பதுதான் வருது. எங்க விட்டேன்னு பாத்துச் சொல்லுங்க."

அண்ணா பக்கங்களைப் புரட்டினான். ஒரு பக்கத்தில் கொஞ்சம் நின்றான். பிறகு அவள் தலையில் லேசாகத் தட்டினான். "எங்கேயோ விட்டிருக்கே. அக்கா புஸ்தகம்தான் கணக்கு." நோட்டில் எழுதினான்: 'கவனமாக எழுதப் பழகு. வாழ்த்துகள். மூர்த்தி.'

நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். லஞ்சுக்குப் பிறகு இரண்டாவது ஓவர், நாலாவது பந்து. 'லெ' என்று எழுதியிருந்தாள். லெக் பை. என் புத்தகத்தில் அதே இடத்தில் அண்ணாவுக்கு 1.

அப்போதுதான் நினைவு வந்தது. அம்பயர் லெக் பை என்று முழங்காலைத் தூக்கித் தொட்டார். நான் கையைத் தூக்கிப் பதில் காட்டினேன். அதே நேரம் எதிரணி ஸ்கோரர் குல்கர்னி படாட்டா வடாவை நீட்டி, "லோ, லோ" என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். கை சரியாகத்தான் தூக்கியது. பென்சில் தப்பாகப் போட்டது. குல்கர்னி எப்போதும் என் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதுவார்.

இசக்கி பக்கத்திலேயே நின்றாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

11-1-65, திங்கள்

பேப்பரில் அண்ணாவின் நூறு, இரண்டு வரி. சின்ன எழுத்து. மாடி மாமி வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா அதைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு, "அம்பிக்கு இனிமே வேலை நிரந்தரம்தான்" என்றாள்.

அண்ணாவின் வேலை இப்படி: பத்து மணிக்கு ஆபீஸில் கையெழுத்து. ஒரு மணிவரை யாராவது ஃபைல் கொடுத்தால் பார்ப்பது. பிறகு மட்டைப் பையோடு ரயில், ப்ராக்டிஸ். ஆபீஸில் நாற்காலி உண்டு, மேஜை கிடையாது. ரன் வரும்வரை நாற்காலியும் உண்டு. டெம்பரரி ஆட்டக்காரர்கள் இரண்டு பேர், அண்ணாவும் சுதாகரும். நிரந்தர வேலைக்குக் காலியிடம் ஒன்று. சீசனில் முதலில் நூறு அடிப்பவனுக்கு என்று மானேஜரின் வாய்ச்சொல். சுதாகர் எண்பத்துநாலுவரை போயிருக்கிறான்.

ஸ்கோர் புத்தகம் இன்னும் என்னிடம்தான். மூன்று தடவை கூட்டினேன். லெக் பை என்பது மட்டையில் படாமல் காலில் பட்டு ஓடியது. டீமின் மொத்தத்தில் சேரும், ஆடியவன் பேரில் சேராது. அதனால் தப்பான இடத்தில் எழுதினாலும் மொத்தம் மாறாது. கூட்டினால் சரியாக வருகிறது. யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. போர்டில் தொண்ணூற்றொன்பது என்றிருந்தால் அண்ணா அந்தப் பந்தைத் தூக்கி அடித்தே இருக்கமாட்டான். தட்டிவிட்டு ஒன்று ஓடியிருப்பான். அப்படிப் பார்த்தால் அவனுடைய நூற்றைக் கெடுத்ததும் நான்தான்.

தலைவலி. நாவல்களில் எல்லோரும் மனசாட்சியோடு பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். நான் இன்று பேசியது பால்காரனோடு மட்டும்.

வாங்க: கரும்பு 2, மஞ்சள் கொத்து, பச்சரிசி, அண்ணாவுக்குக் கட்டைவிரல் பிளாஸ்திரி.

14-1-65, வியாழன். பொங்கல்

பால் பொங்கியது. ஸ்டவ் மேலெல்லாம்.

பத்து மணிக்குக் கீழே காம்பவுண்டில் பசங்கள் சண்டை.

"அவுட்டுடா! சல், நிகல், வெளியே போ!"

"மட்டையில பட்டுதுடா!"

"ஜூட்டா, பொய் சொல்றான்! கால்ல பட்ட சத்தம் மாடிவரைக்கும் கேட்டுது!"

"மூர்த்தி அண்ணாவைக் கூப்பிடு!"

அண்ணா வேஷ்டியோடு இறங்கிப் போனான். ஆடிய பையன் எதிரில் குந்தி உட்கார்ந்தான். "மட்டையா, காலா? அவனைப் பார்க்காதே. என்னைப் பார்த்துச் சொல்லு. அம்பயருக்குத் தெரியாம போகலாம். ஆடறவனுக்குத் தெரியாம இருக்காது."

பையன் உதட்டைக் கடித்தான். "கால்."

"சபாஷ். இன்னிக்கு நீதான் காப்டன்."

மற்றவர்கள் ஹோ என்றார்கள். நான் பால்கனியில் கரும்பைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். கத்தி நின்றுவிட்டது. ஆடறவனுக்குத் தெரியாம இருக்காது. நாலு நாளாக எனக்கு இது தோன்றவே இல்லை.

சாயங்காலம் மட்டைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"அண்ணா. ஞாயித்துக்கிழமை, லஞ்சுக்கு அப்புறம் ரெண்டாவது ஓவர், நாலாவது பந்து. கால்லதானே பட்டுது?"

துணி நிற்கவில்லை. "ஆமா."

"எப்போ தெரியும்?"

"பட்டபோதே தெரியும். நீ அதை என் பேர்ல போட்டிருக்கேன்னு அந்தப் பொண்ணு நோட்டைப் பார்த்தப்போதான் தெரிஞ்சுது."

"அப்புறமும் அவகிட்ட தப்புன்னியே."

"பின்னே என்ன சொல்ல? சுத்தி இருபது பசங்க நிக்கறா. ஆபீஸ் ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி நிக்கறார்." மட்டையைத் திருப்பிப் போட்டு, "தப்புப் பண்ணினது நீ, விஜி. போர்டுல தொண்ணூத்தொம்போதுன்னு இருந்தா நான் அவுட்டாயிருப்பேனா?"

எண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"ரெண்டு பேரும் சும்மா இருந்தா ஒரு மாசத்துல எல்லாரும் மறந்துடுவா."

அம்மா உள்ளிருந்து, "என்னடா ரகசியம் ரெண்டு பேருக்கும்?"

"ஒண்ணுமில்லை." இருவரும் ஒரே குரலில்.

17-1-65, ஞாயிறு

மேகமூட்டம். அண்ணா 31. சுதாகர் 58, நன்றாக ஆடினான். சுதாகரும் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடுகிறான், கொஞ்சம் வெட்கத்தோடு.

இசக்கி இன்று என் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டாள். ஒவ்வொரு பந்துக்கும் கேள்வி. "இது என்னக்கா? ரன்னா, லெக் பையா?"

"நீதான் பார்த்தியே."

"நான் தப்பாப் பாத்திருப்பேன்க்கா. அண்ணாச்சியே சொன்னாவள்லா, கவனமில்லன்னு."

போன வாரப் பக்கத்தைக் காட்டினாள். 'லெ'யை ரப்பர் வைத்து அழித்து 1 போட்டிருக்கிறாள். காகிதம் தேய்ந்து ஓட்டை. கீழே 100. "இப்பச் சரியாக்கிட்டேன், பாருங்க."

அதற்குமேல் அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். பந்து போடும்போது அவள் மைதானத்தைப் பார்ப்பதில்லை. என் பென்சிலைப் பார்க்கிறாள். நான் எழுதிய பிறகு எழுதுகிறாள். குல்கர்னி மாதிரி.

கம்பெனியில் இதுவரை எந்த வேலை ஆர்டரும் டைப் ஆகவில்லை. நாளைக்கு அங்கே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

18-1-65, திங்கள்

காலையில் அண்ணா ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். "உன் ஆபீஸுக்குப் போறேன். செக்ரட்டரியைப் பார்க்க" என்றேன். முடிச்சை அவிழ்த்தான், மறுபடி போட்டான். "போ" என்றான். தடுக்கவில்லை, கூட வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

லைப்ரரிக்கு அரை நாள் லீவு. ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி தேசாய் முதலில் சிரித்தார். "அரே பேட்டி, ஏக் ரன் கே லியே?" ஒரு ரன்னுக்காகவா என்று. பேப்பரில் வந்தாயிற்று, மானேஜர் கைகுலுக்கியாயிற்று, நீ அவன் தங்கைதானே என்றார். தங்கைதான் என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். குல்கர்னிக்கு போன். பிறகு சிவப்பு மையில் என் 1-ஐ அடித்து, லெக் பை பத்தியில் எழுதி, சின்னக் கையெழுத்து. நானும் பக்கத்தில் போட்டேன்.

நூறு இல்லையென்றால் சீசன் மொத்த ரன்னைப் பார்ப்பார்களாம். மொத்தத்தில் யார் முன்னால் என்று எனக்குத் தெரியும். நான்தானே எழுதுகிறேன். சுதாகர்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

20-1-65, புதன்

அண்ணா இரண்டு நாளாகச் சாப்பாட்டின்போது ரேடியோவைச் சத்தமாக வைக்கிறான்.

சாயங்காலம் மைதானம். இசக்கியின் அப்பா ரோலர் இழுத்துக்கொண்டிருந்தார். அவள் குழாயில் வாளி பிடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். உன் நோட்டுதான் சரி. நான்தான் தப்பாக எழுதினேன். திருத்திவிட்டேன். தொண்ணூற்றொன்பது.

வாளி நிறைந்து வழிந்தது. குழாயை மூடவே இல்லை.

"அப்ப அழிச்சிட்டேனேக்கா."

"புதுசா எழுது."

யோசித்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "இது அண்ணாச்சிக்கு அப்பவே தெரியுமாக்கா?"

"தெரியாது" என்றேன்.

"அதானே! தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாவ." முகமெல்லாம் சிரிப்பு. வாளியைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள்.

இதற்காகப் போகவில்லை. பாதி உண்மையோடு திரும்பி வந்தேன். அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும். ரேடியோவை அணைத்தான்.

24-1-65, ஞாயிறு

நேற்று ஆர்டர். சுதாகருக்கு. அண்ணாவுக்கு வேலை இந்த மாதக் கடைசிவரைதான். அம்மா கேட்டாள், "நூறு அடிச்சானே?" அண்ணாவே எல்லாம் சொன்னான். அம்மா அலமாரியைத் திறக்கவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

இன்று மாட்ச். லஞ்சில் அண்ணா கூடாரத்துக்கு வரவில்லை. கால் பேடைக் கழற்றாமலே நடந்து போய், இசக்கிக்கு எதிரில் ரோலர் மேல் உட்கார்ந்தான். தூரத்திலிருந்து பார்த்தேன். காதில் விழவில்லை. அவன்தான் பேசினான், அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். பிறகு அவள் ஏதோ கேட்டாள், அவன் தலையை ஆட்டினான்.

அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி அப்பவே தெரியும்னுட்டாவ. ஆளுக இருந்தாவன்னு பயந்துட்டாவளாம். எங்கிட்ட மன்னிச்சிக்கோன்னாவ." மூச்சு வாங்கியது. "நீங்க ஏன்க்கா தெரியாதுன்னிய?"

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"எனக்கு இதான் கஷ்டமா இருக்கு."

போய்விட்டாள். போர்டுக்கு அந்தப் பக்கம், அவள் அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கு பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். நான் கத்திய நம்பர்களையெல்லாம் மாட்டினாள். அண்ணா 43. சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் அவனிடம் நோட்டைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். என்னிடம் வரவில்லை.