தோஹாவிலிருந்து லிந்துலைக்கு எத்தனை மணித்தியாலம்

விடுமுறைக்கு டிக்கெட் பார்க்கலாமென்று இன்று கைபேசியைத் திறந்தேன். தோஹாவிலிருந்து கொழும்புக்கு மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் என்று காட்டியது. உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. இந்தக் கணக்கை நீ ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

"பிளேன் கணக்கெல்லாம் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டோட முடிஞ்சிரும் மச்சான். அதுக்கப்புறம் என் கணக்குதான்" என்பாய். நானுஓயா ஸ்டேஷனில் வாடகை வேன் ஓட்டியவன் நீ. கினிகத்தேனையில் எப்போது பனி மூடும், எந்த வளைவில் லொறி மாட்டும் என்பதெல்லாம் மனப்பாடம். கொஞ்சம் அலட்டல் பேர்வழிதான், ஆனால் கணக்கு பிசகாது.

அப்பா இறந்தபோது நீயே விமான நிலையத்துக்கு வந்தாய். நம் லிந்துலைத் தோட்டத்து மண்ணில் மழை நாளில் குழியை முன்கூட்டி வெட்டக் கூடாது. ஊற்றெடுத்துக் கரை இடியும். ஊருக்கு ஒரு மணித்தியாலம் இருக்க, ஹட்டன் தாண்டும்போதுதான் நீ வீட்டுக்குப் போன் போட்டாய். "இப்ப வெட்ட ஆரம்பிங்க. நாங்க வந்துக்கிட்டே இருக்கோம்." நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அழுது முடிக்கவும் நேரம் இருந்தது.

போன வருஷம் நீ நெஞ்சு வலியில் போய்விட்டாய் என்று உன் மனைவி சொன்னபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். "காலைல ஆறு மணிக்கு ஏறுறேம்மா, அஞ்சு மணித்தியாலந்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது தோஹா நேரம், ஊரில் இரண்டரை மணித்தியாலம் கூடுதல் என்று சொல்லவில்லை; இறங்கிய பிறகு மலையேறும் ஐந்து மணித்தியாலத்தையும் சொல்லவில்லை. நான் பதினொரு மணிக்கு வந்துவிடுவேன் என்று உன் வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். சரிபார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆளான நீ பெட்டிக்குள் கிடந்தாய்.

ஊர் நேரம் ஒன்றரை மணிக்குக் கட்டுநாயக்காவில் இறங்கி உன் மனைவியிடம் பேசினேன். குழி வெட்டி முடித்து வெகுநேரமாகியிருந்தது, மழையும் பிடித்துவிட்டது. "வாளியில எறைச்சுக்கிட்டே இருக்காங்கண்ணே, நீங்க வாங்க" என்றாள். பாதி வழியில், கித்துல்கலையைத் தாண்டும்போது அவளே கூப்பிட்டாள். "மன்னிச்சுக்கங்கண்ணே, கரை இடியுது. இதுக்கு மேல வச்சிருக்க முடியாதுன்னு சொல்றாங்க." மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

நான் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடித்து வீட்டையும் கழுவிவிட்டிருந்தார்கள். அவள் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இங்கே தோஹாவில் எங்கள் தொழிலாளர் கேம்பில் மலைநாட்டுப் பையன்கள் நிறையப் பேர். யார் வீட்டிலாவது சாவு என்றால் இப்போது நான்தான் போனை வாங்கிப் பேசுகிறேன். எந்தத் தோட்டம், மழையா வெயிலா என்று கேட்டு, நம் ஊர் நேரத்தில் கணக்குப் போட்டு, "அவரு ஹட்டன்ல இருந்து பேசுற வரைக்கும் மண்வெட்டியத் தொடாதீங்க" என்று சொல்லிவிடுகிறேன்.

இதுவரை மூன்று பேர் போய் முகம் பார்த்திருக்கிறார்கள். உன் முகத்தைத்தான் நான் பார்க்கவில்லை.