ஒதுங்கும் லாவகம்

செரண்டா
3.8.2024

அன்பு அத்தானுக்கு,

போனில் கேட்டால், "சரிலா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

தொழிற்சாலையில் நான் பொட்டலம் கட்டுவதைப் பார்த்து, "என்னா லாவகம்க்கா!" என்றாள் கண்மணி. உடனே உங்கள் ஞாபகம் வந்து தொலைத்தது. கல்யாணமான புதிதில் செம்பனைத் தோட்டத்துக்குச் சோறு கொண்டு வந்தேனே. குலையை அறுத்தீர்கள், அது விழும் முன்பே அரையடி நகர்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அன்று மயங்கியவள்தான்.

அதே லாவகம் வீட்டிலும் உண்டு. உங்கள் அக்கா சபையில் என்னைப் 'பிள்ளை இல்லாதவள்' என்றபோது, தண்ணீர்க் குழாயை மூடப் போனீர்கள். அதன் பிறகுதான் நான் இங்கே வேலைக்கு வந்தேன். இப்போது அவர் மகள் விஷாலினிக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர்த்தட்டை நாம் இருவரும்தானே ஏந்த வேண்டும்? என் கை படக்கூடாது என்கிறாராம். "என் பெண்டாட்டிதான் ஏந்துவாள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

உங்கள் பிரமிளா

கோலசிலாங்கூர்
14.8.2024

அன்புள்ள பிரமிளா,

இங்கே ஒரே மழை. லோரி சேற்றில் மாட்டிக்கொண்டது. நீ வைத்த கறிவேப்பிலை ஆள் உயரம் வந்துவிட்டது. விளக்கைப் போட்டுவிட்டே வேலைக்குப் போகிறேன். திரும்பும்போது வீட்டில் ஆள் இருப்பதுபோல் இருக்கும்.

லாவகம் என்கிறாய். எனக்கு அது பயம், பிரமிளா. மேலே குலை அசைந்ததும் கால் தானாக விலகும். அக்கா குரல் உயர்ந்தாலும் அப்படித்தான்.

அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அவள். கல்யாண நேரத்தில் எப்படிப் பேசுவேன்? நீ வந்து நின்றால் எல்லாம் சரியாகிவிடும். சந்தன நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு வா.

உன் மகேந்திரன்

செரண்டா
2.9.2024

அத்தானுக்கு,

நேற்று கல்யாணத்துக்கு வந்தேன். நீங்கள் சொன்ன பட்டைத்தான் கட்டியிருந்தேன். ரயிலும் காரும் மாறி மண்டப வாசலுக்கு வரும்போது நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. சீர்த்தட்டின் ஒரு பக்கம் நீங்கள், மறுபக்கம் உங்கள் தம்பி மனைவி ரூபினி. என்னைப் பார்த்தீர்கள். ஒரு பழம்கூட உருளாமல் தட்டை முழுதாக அவள் கைக்கு மாற்றிவிட்டு, தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டீர்கள்.

ரூபினிதான் பிறகு ஓடி வந்து, "சாப்ட்டுட்டுப் போங்கக்கா" என்று கையைப் பிடித்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. சாப்பிடத்தான் முடியவில்லை.

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் நீங்கள் விலகிய இடத்தில் எப்போதும் நான்தான் நின்றிருக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது.

இங்கே வாடகை வீட்டில் தொடர்ந்து இருப்பதாக வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டேன். என் துணிமணிகளை ரூபினியிடம் கொடுத்தனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம். வாசலில் உங்களைப் பார்த்தால் கூடவே கிளம்பிவிடுவேன்.

பிரமிளா