தகரப்பல்லி சொன்னது

மச்சாள்,

நேற்றுப் பின்னேரம் பாண் கடிக்கும்போது மகளுக்குப் பல் விழுந்தது. உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து காட்டினாள். கீழ்க்கடைவாய்ப் பால்பல். அதன் தலையில் அந்த ஸ்டீல் கிரவுன் அப்படியே இருக்கிறது. ஐந்து வருடம் முறுக்குக் கடித்தும் அசையாதது, கடைசியில் பல்லோடு சேர்ந்தே இறங்கியிருக்கிறது. கழுவித் துடைத்துப் பார்த்தபோது உங்கள் நினைவுதான் வந்தது. கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது.

நீங்கள் போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, உங்கள் படமும் எங்கள் படங்களும் போட்டுக் கல்வெட்டுப் புத்தகம் அச்சாகப் போகிறது. “நீர்தான் நல்லா எழுதுவீர், அக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாரும்” என்று என்ர மனுசன், உங்கள் தம்பி, கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டேன். பாசத்தின் இருப்பிடம், விருந்தோம்பலின் விளக்கு என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதில் எழுதாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போய்வந்த நாட்களில் அவளைப் பகலில் பார்த்துக்கொண்டது நீங்கள்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் வெள்ளவத்தை வீட்டில் உங்களுக்கு ரீவி நாடகம் குழம்பக்கூடாது, பிள்ளை சத்தம் போடக்கூடாது. சீனிப்பாகாய் இனிக்கும் ரின்பால் பேணியையும் கரண்டியையும் அவள் கையில் கொடுத்துவிடுவீர்கள். வெறும் பேணிகளை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தீர்கள். நான் கண்டெடுத்தபோது காலம் கடந்துவிட்டது.

ஐந்து வயதில் பல்லுக்கொதி என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். “விழப்போற பல்லுத்தானே, அதுக்கு ஏன் டொக்டர்? கராம்பை வைச்சு விடும்” என்றீர்கள். நானும் உங்களை நம்பி மூன்று கிழமை கராம்பு வைத்தேன். அந்த மூன்று கிழமைக்காக என்னையும் நான் மன்னிக்கவில்லை.

கொட்டாஞ்சேனை டொக்டர் அம்மா வாயைப் பார்த்துவிட்டு என்னைத்தான் ஏசினார். “பால்பல் எண்டு விடேலாது. பத்து வயசு மட்டும் இது நிண்டாத்தான் கீழ வாற பல்லுக்கு இடமிருக்கும்.” சூத்தையைச் சுரண்டி எடுத்தபின் அடைப்பதற்குப் பல் மிச்சமில்லை. நரம்புக்கு மருந்து வைத்து, மேலே கிரவுன் போட்டார். “இது ராணிமாருக்குப் போடுறது” என்று பிள்ளையிடம் சொன்னார். அவள் அதை அப்படியே நம்பினாள். வெளியே நின்ற ஓட்டோக்காரரிடம் “அங்கிள், பலன்ன!” என்று சிங்களத்தில் கூப்பிட்டு, வாயைப் பிளந்து காட்டினாள். அந்த வாசலில் வைத்து ஒரு படம் எடுத்தேன். தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரிக்கிறாள், கடைவாயில் கிரவுன் மினுங்குகிறது.

அந்தச் சிரிப்புக்கு மூன்று நாள்தான் ஆயுள். உங்கள் பிறந்தநாளுக்குச் சனம் நிறைந்த வீட்டில் உங்களிடம் ஓடிவந்தாள். “மாமி, என்ர கிரவுனைப் பாருங்கோ!”

“கிரவுனோ? இது தகரமெல்லோ! எடி தகரப்பல்லி!”

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டீர்களா? அதன்பிறகு அவள் எதைச் சொல்ல வாய் திறந்தாலும், “ஆ, பல்லி சொல்லீட்டுது” என்று மேசையில் மூன்று தரம் விரலால் தட்டுவீர்கள், சுவரில் பல்லி சொன்னால் தட்டுவதுபோல. முதலில் உங்கள் முன்னால் கதைப்பதை விட்டாள். பிறகு எல்லோர் முன்னாலும் விட்டாள். பள்ளிக்கூட மேடையில் பாட்டுச் சொல்ல ஏறியவள், வாயிலிருந்து கையை எடுக்கச் சொன்னதும் இறங்கி வந்துவிட்டாள். நான் இரண்டு தரம் உங்களிடம் சொன்னேன். “பகிடிக்குச் சொன்னது. உமக்கு எல்லாத்துக்கும் ரோசம்” என்றீர்கள்.

அதனால்தான் அந்தக் கல்யாண மண்டபத்தில் உங்கள் முன்பல்லுக் கிரவுன் வடையோடு கழன்று வந்தபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு என்னை மூலைக்கு இழுத்துப் போனீர்கள்.

“ஐயோ, இப்ப என்ன செய்யிறது?”

“விழப்போற பல்லுத்தானே, மச்சாள்.”

வருடக்கணக்காகச் சொல்லக் காத்திருந்த வசனம், வாய்க்கு நல்ல ருசியாக இருந்தது. அதை என் மகளே கெடுத்தாள். பின்னாலேயே வந்து உங்கள் கையைப் பிடித்து இறக்கினாள். “மாமி, இப்பிடிப் பொத்தினா எல்லாரும் கேப்பினம். ரெண்டு விரலை மூக்குக்குக் கீழ வைச்சு, யோசிக்கிற மாதிரி இருங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது.”

எட்டு வயதில் அவள் அதில் கைதேர்ந்திருந்தாள். நீங்கள் அவள் முகத்தைப் பார்த்தீர்கள், பிறகு நிலத்தைப் பார்த்தீர்கள். கல்யாணம் முடியும்வரை அவள் காட்டிக்கொடுத்தபடியே விரலை வைத்துக்கொண்டு இருந்தீர்கள்.

அன்றோடு தகரப்பல்லி நின்றது, மேசைத் தட்டலும் நின்றது. ஆனால் “பிழை விட்டிட்டன், பிள்ளை” என்று ஒரு சொல் வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தீர்கள், வாயில் புதுக் கிரவுனும் இருந்தது.

இன்று கல்வெட்டின் பக்கங்களைச் சரிபார்க்கத் தந்தார்கள். ஒரு பக்கம் முழுக்க நீங்கள், வாயை மூடிய படம். எதிர்ப்பக்கம் மருமக்கள். அங்கே மகளின் உதடு ஒட்டிய ஸ்ரூடியோப் படத்தை உங்கள் தம்பி கொடுத்திருந்தார். அதை எடுத்துவிட்டு, கொட்டாஞ்சேனை வாசலில் எடுத்த படத்தை வைத்தேன். பழிவாங்கத்தான் வைத்தேன். புத்தகத்தை மூடினால் அந்தக் கிரவுன் சரியாக உங்கள் முகத்தில் வந்து இருக்கும். கனடாவிலும் லண்டனிலும் உங்கள் சொந்தங்களின் கண்ணாடி அலுமாரிகளில் அப்படியே இருக்கும்.

விழுந்த பல்லைக் கிரவுனோடு குங்குமச் சிமிழில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன். உங்களை மன்னிக்கச் சொல்லி யாராவது கேட்டால், பதில் சொல்லமுன் திறந்து பார்ப்பேன்.

ஆனால் படம் அவளுடையது, அவளைக் கேட்காமல் போட முடியாது. கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். இரண்டு விரல் மூக்கை நோக்கிப் போனது, பாதிவழியில் நின்று, இறங்கியது.

“போடுங்கோ, அம்மா. பெரிசாப் போடுங்கோ.”

நான் மேசையில் மூன்று தரம் தட்டினேன். பல்லி சொல்லிவிட்டது, மச்சாள்.