நீ விட்டுப்போன குடை

ஈப்போ டீச்சரம்மாவுக்கு,

"அன்புத் தோழி" என்று எழுத இனி கை வராது. பத்திரிகையில் பேனா நட்பு தேடி, ஆறு வருடம் முகம் பாராமல் எழுதிக்கொண்டோம். போன ஞாயிறுதான் முதன்முறையாக எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக்கு வந்தாய்.

நான் போட்ட தேநீரை நீ தொடவில்லை. "இண்டைக்கு எனக்கு விரதம்" என்றாய், உன் யாழ்ப்பாணத் தமிழில். நம்பினேன்.

நீ மறந்துவிட்ட குடையோடு சுங்கை சிப்புட் பஸ் நிலையத்துக்கு ஓடி வந்தேன். எதிர்க் கடையில் கோழிச்சோறு தின்றுகொண்டிருந்தாய். உனக்கு வெட்கமாகிவிடுமே என்று லாரிக்குப் பின்னால் ஒளிந்தவள் நான்!

நேற்று உன் கடிதம் வந்தது: "உன் வீட்டை என் வீடாகவே உணர்ந்தேன்." என் வீட்டுக்காரர் சிரித்தார். "கடுதாசி சிநேகிதம் கடுதாசியோட இருக்கட்டும்லா."

குடை ஆணியில் தொங்குகிறது. இங்கே தினமும் மழை. நான் நனைந்துகொண்டேதான் கடைக்குப் போகிறேன்.

இதோடு பேனாவை மூடியவள்